ஐந்து மாணவத் தலைவர்களும் ஒரு பிள்ளையும்

எங்கள் வீட்டு ஹோலில் ஆறு பிள்ளைகள் படித்தார்கள். அதில் ஐந்து பேர் மாணவத் தலைவர்கள். மிச்சம் ஒரேயொரு பிள்ளை, என் மகள் ஷெரோன். அந்த ஐந்து பேரும் சட்டையில் பட்ஜ் குத்திக்கொண்டு, காலை தொடக்கம் மத்தியானம் வரை அவள் ஒருத்தியையே மேய்த்தார்கள். கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும், சிரியுங்கள். எனக்கு அப்போது பற்றிக்கொண்டுதான் வந்தது.

என் பெயர் மக்டலீன். குருநகர். மனுசன் றஞ்சித் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்களின் வாய் என்ன கட்டையோ என்று நான் திருப்பிக் கேட்பேன். அப்படிப்பட்ட என் வயிற்றில் பிறந்தவள்தான், பெரிய பள்ளிக்கூடத்துக் கேற்றைத் தாண்டியதும் வாய் திறக்காமல் போனாள்.

வீட்டில் கதைப்பாள். கேற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல் வராது. வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். "வாசி" என்று ரீச்சர் சொன்னால் எழும்பி நிற்பாள். நிற்பாள், நிற்பாள், மணி அடிக்கும் வரை நிற்பாள். பிள்ளைகள் ஊமைச்சி என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த ஊமைத்தனம் வீட்டுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால், நாளைக்குத் திங்கள் என்ற நினைப்பிலேயே வீட்டிலும் வாய் மூடிவிடும். நான் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். பக்கத்துத் தெரு சுஹறா தண்ணீர் ஓதித் தந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு டொக்டர்தான், "பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை அம்மா, கூட்டத்துக்குப் பயப்பிடுது. சின்ன இடமாய்ப் பாருங்கோ" என்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான் எங்கே போக?

அப்போதுதான் கத்தரீனா வந்தாள். எங்கள் கோயிற்பற்றுப் பிள்ளை, இருபத்தாறு வயது. நிரந்தர நியமனம் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தொண்டர் ஆசிரியையாகவே வருசக்கணக்காக இருந்து, அலுத்துப்போய் விலகியவள். வெளிநாடுகளில் இப்படி ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வீட்டில், ஒரு ரீச்சரை வைத்து நடத்துகிறார்கள், மைக்ரோ ஸ்கூல் என்று சொல்வார்கள் என்று அவள் போனில் காட்டினாள்.

"மைக்ரோ எண்டால் என்ன, அந்தக் கடன் குடுக்கிற மைக்ரோ பினான்ஸ்காரர் மாதிரியோ?" என்று என் மனுசன் கேட்டார். "கிழமைக்குக் கிழமை படலையிலை வந்து நிப்பினமோ?"

"நிக்கமாட்டினம் அண்ணை. உங்கடை ஹோல் மட்டும் தந்தால் காணும்" என்றாள் கத்தரீனா.

ஹோலைக் கொடுத்தோம். ஷெரோனோடு சுஹறாவின் பிள்ளைகள் நிஹ்லாவும் இன்ஸாப்பும் வந்தார்கள். அவர்களுடைய தகப்பன் ஸலாஹுதீன் நானாவுக்கு ரவுணில் இரும்புக்கடை. நல்லூரிலிருந்து நமசிவாயம் சேர் தன் பேரன் பிரணவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பொடியன் விடியப்புறம் ஒரு ரியூசன், பின்னேரம் இரண்டு ரியூசன் என்று ஓடி, நித்திரையில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியிருந்தான். மீன் விற்கிற லூர்த்தம்மாவின் இரட்டைப் பொடியன்கள் இரண்டு பேர். அடுத்த வளவுத் தேவராசா அண்ணையின் மகள் ஜெனிஸ். ஏழு பிள்ளைகள், ஒரு பாய், ஒரு கரும்பலகை.

கத்தரீனாவிடம் மணியும் இல்லை, பிரம்பும் இல்லை. கணக்கு என்றால் சந்தைக்குக் கூட்டிப்போய் மீன் நிறுக்க வைப்பாள். வாசிப்பு என்றால் விரும்பின இடத்தில் இருந்து வாசிக்கலாம். ஷெரோன் மேசைக்குக் கீழே இருந்தாள். அவளை ஒருவரும் எழும்பி நிற்கச் சொல்லவில்லை. வந்த புதிதில் அங்கேயும் அவள் வாய் திறக்கவில்லைதான். நான் குசினிக்குள் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

தேவராசா அண்ணை குடும்பத்துக்குக் கனடா சரிவந்தது. ஜெனிஸ் போகப்போகிறாள் என்று பிள்ளைகள் கூடிக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், இன்ஸாப் பெரிய மனுசன் போல, "காங்கேசன்துறையிலை கப்பல் ஏறினால் நேரே கனடா" என்று சொன்னான்.

"இல்லை" என்றது மேசைக்குக் கீழே இருந்து ஒரு குரல். "அது நாகபட்டினம் போற கப்பல். கனடாவுக்கு பிளேனிலைதான் போகவேணும்."

நான் அகப்பையோடு ஓடிவந்து ஹோல் வாசலில் நின்றேன். கத்தரீனா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, சத்தம் போடாதேங்கோ என்று சொன்னாள். அவள் ஒன்றும் நடக்காதது போல, "அப்பிடியோ? நாகபட்டினத்துக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். ஷெரோன் சொன்னாள். நான் குசினிக்குள் போய், அடுப்பில் கறி அடிப்பிடிக்கிறதும் தெரியாமல் அழுதேன். அன்றைக்கு அந்தக் கருகின கறியை என் மனுசன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவளை நிற்பாட்ட ஏலாது. ஏன், எப்படி, எதற்கு. கடல் ஏன் உப்பு, நிஹ்லாவின் உம்மா ஏன் நோன்பு, நமசிவாயம் சேர் ஏன் மீன் சாப்பிடமாட்டார். என் மனுசன், "இவளுக்கு உன்ரை வாய் அப்பிடியே வந்திட்டுது" என்று காதுக்குள் பஞ்சு வைக்கிறதுபோல நடித்துக் காட்டுவார். எனக்கு அந்தச் சத்தம் கோயில் மணி கேட்டது மாதிரி இருந்தது.

இதை இப்படியே விட்டிருக்கலாம்தானே? விடுவார்களா எங்கள் ஆட்கள்?

முதலில் வருத்தம் பிடித்தது ஸலாஹுதீன் நானாவுக்கு. புத்தளத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறார். ஒரே சகன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தவர்களில் ஒருவர், மகன் எந்த ஸ்கூல் என்று கேட்டிருக்கிறார்.

"மக்டலீன் தங்கச்சியின்ரை ஹோல் எண்டு சொன்னன்" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற தாய்தகப்பன்மார் கூட்டத்தில் வந்து அழாக்குறையாகச் சொன்னார். "சோறு வாயிலை இருக்கச் சிரிச்சாங்கள் தங்கச்சி. ஒரு பேர் வைப்பம். பேர் வைச்சால் என்ன குறைஞ்சுபோகும்?"

"எங்களுக்கும் உதே பிரச்சினைதான்" என்றார் நமசிவாயம் சேர். "நல்லூர்த் தேருக்கு நிக்கிறன். ஆர் கண்டாலும் பேரன் எங்கை படிக்கிறார் எண்டுதான் முதல் கேள்வி. நான் என்னத்தைச் சொல்லுறது, குருநகரிலை ஒரு குசினிக்குப் பக்கத்திலை எண்டோ?"

என் குசினியை இழுத்ததும் எனக்கு ஏறிவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்க முதலே பெயர் முடிவாகிவிட்டது. புத்தொளி மகா வித்தியாலயம். மகா என்றால் எங்கள் ஹோலுக்குள் ஒரு சோபாவைப் போட்டால் மற்றதைத் தூக்கி வெளியே வைக்கவேண்டும், அவ்வளவு மகா. படலையில் பெயர்ப்பலகை அடித்தார்கள். படலையை விடப் பலகை அகலம். அதற்குப் பிறகு ஒருக்களித்துத்தான் நான் வீட்டுக்குள் போய்வந்தேன்.

நமசிவாயம் சேரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆள் நல்ல மனுசன். மூன்று அதிபர்களுக்குக் கீழே உப அதிபராகவே இருந்து ஓய்வு பெற்றவர். நாலாவதாகத் தனக்குத்தான் என்று இருந்த கதிரையில் வேறு யாரையோ கொண்டுவந்து இருத்திவிட்டார்கள். அந்தக் கவலை மனுசனின் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்திருக்கிறது. பலகையில் 'வித்தியாலயம்' என்ற எழுத்தைக் கண்டதும் அது எழும்பி உட்கார்ந்துவிட்டது.

அடுத்த கிழமை ஸலாஹுதீன் நானாவின் கடையிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு வந்து இறங்கியது. மணி. அதை என் முருங்கை மரத்தில் கட்டினார்கள். முருங்கைக் கொப்பில் தண்டவாளம் கட்டலாம் என்று நினைத்தவர்களில் ஒருவர் இரும்பு வியாபாரி, ஒருவர் உப அதிபர். முதல் அடியிலேயே கொப்பு முறிந்து கோழிக்கூட்டுக்கு மேல் விழுந்தது. பிறகு கிணற்றுக் கப்பியில் கட்டினார்கள். எட்டு மணிக்கு அடித்தால் எங்கள் கோயில் பங்குச் சுவாமியே ஆளனுப்பிக் கேட்டார், ஆருக்கு என்ன நடந்தது என்று.

மணிக்குப் பிறகு ரை. கழுத்துக்கு நீலமும் மஞ்சளும் கோடு போட்ட ரை. அந்த வெக்கைக்குள் லூர்த்தம்மாவின் இரட்டையர்கள் ரை கட்டிக்கொண்டு மீன் கூடை தூக்கிப் போனதைப் பார்த்து, கரையில் நின்ற சனம் பாங்கில் இருந்து ஆள் வருகுது என்று ஒளித்தது.

பிறகு கடற்கரையில் இல்ல விளையாட்டுப் போட்டி. ஜெனிஸ் போனபிறகு இருந்த ஆறு பிள்ளைகளை மூன்று இல்லமாகப் பிரித்தார்கள். ஒரு இல்லத்துக்கு இரண்டு பேர். அஞ்சல் ஓட்டத்துக்கு நாலு பேர் வேண்டும் என்பதால் தாய்தகப்பன்மார் ஓடினோம். ஸலாஹுதீன் நானா தடியை வாங்கிக்கொண்டு ஓடி, வளைவில் திரும்பத் தெரியாமல் நேரே போய்க் கடலுக்குள் இறங்கினார். அதில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் மாணவத் தலைவர்கள் என்று தொடங்கினபோதுதான் என் சிரிப்பு நின்றது.

"தலைமைத்துவப் பண்பு எல்லாப் பிள்ளையளுக்கும் வரவேணும்" என்றார் நமசிவாயம் சேர். பிரணவன் சிரேஷ்ட மாணவத் தலைவன். நிஹ்லா, இன்ஸாப், இரட்டையர்கள் இரண்டு பேர், எல்லாருக்கும் பட்ஜ். ஷெரோனுக்கு மட்டும் இல்லை.

"ஏன் சேர் என்ரை பிள்ளைக்கு இல்லை?"

"பிள்ளை, குறை நினையாதையும். ஷெரோன் வகுப்பிலை கொஞ்சம் கூடக் கதைக்கிறா. ஒழுங்கு காணாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாய் திறக்கிறாள் இல்லை என்று பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்த பிள்ளை. இங்கே வாய் கூடிப்போச்சாம். "சேர், அவள் கதைக்கவேணும் எண்டுதானே இந்தப் பள்ளிக்கூடமே தொடங்கினது!" என்று கத்தினேன். எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். என் மனுசன் கூரையைப் பார்த்தார். அவரை ஏற்கெனவே ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். மைக்கைக் கண்டால் அந்த மனுசனுக்கு நான் கண்ணுக்குத் தெரியமாட்டேன்.

ஐந்து தலைவர்களுக்கும் மேய்க்க ஒரே ஆள். அவள் தண்ணீர் குடிக்கப் போனால் ஒருவன் பின்னால் போனான். கக்கூசுக்குப் போனால் நிஹ்லா வெளியே காவல் நின்றாள். "வரிசையிலை வா" என்றான் பிரணவன். தனிய ஒரு பிள்ளை எப்படி வரிசையில் வருகிறது? அந்தப் பிள்ளைகளையும் குறை சொல்ல ஏலாது. பட்ஜ் குத்தினால் ஏதாவது செய்யவேண்டும்தானே.

ஷெரோன் முதலில் கேள்வி கேட்கிறதை நிற்பாட்டினாள். பிறகு கேட்டதற்கு ஓம், இல்லை. பிறகு தலை ஆட்டல். பிறகு அதுவும் இல்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் நான் முட்டை பொரித்துக்கொண்டு, "உனக்கு ஒண்டோ ரெண்டோ?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் நான் சண்டை பிடித்தேன். பட்ஜைக் கழற்றுங்கள் என்றேன்.

"வேணுமெண்டால் ஷெரோனையும் மாணவத் தலைவி ஆக்கிவிடுவம்" என்றார் சேர்.

"அப்ப ஆரை மேய்க்கிறது?" என்று ஸலாஹுதீன் நானா உண்மையான கவலையோடு கேட்டார்.

ஹோலைப் பூட்டி இவர்களைத் துரத்த எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் இவர்கள் போனால் கத்தரீனாவுக்குச் சம்பளம் இல்லை. அவள் போனால் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் ஷெரோன் திரும்ப அந்த நாற்பத்தாறு பேருக்குள்ளே போகவேண்டும். அதனால் தொண்டை மட்டும் வந்ததை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போடவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இதற்குள் ரொறன்ரோவிலிருந்து தேவராசா அண்ணை அழைப்பு எடுத்தார். புத்தொளி மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கம், கனடாக் கிளை, தொடங்கியாயிற்றாம். பழைய மாணவி ஒரே ஆள், எட்டு வயது ஜெனிஸ். எங்கள் பாயில் நாலு மாதம் இருந்து படித்தவள். அண்ணை தலைவர், அவருடைய மனுசி செயலாளர். இரண்டு மாதத்தில் இருவருக்கும் கொழுவல் வந்து சங்கம் இரண்டாக உடைந்து, ஒரே வீட்டில் மேல்மாடிக் கிளை, கீழ்மாடிக் கிளை என்று நடந்து, பிறகு ஒன்றானதாகவும் கேள்வி. அண்ணை குடும்பத்தோடு லீவில் வருகிறாராம். பிரதம விருந்தினராக அவரை வைத்துப் பரிசளிப்பு விழா எடுக்கவேண்டும்.

நான் கத்தரீனாவிடம் போனேன். "நீ ஒண்டும் சொல்லமாட்டியோ? நீதானே ரீச்சர்?"

"நிகழ்ச்சி நிரல் பாத்தனியளோ அக்கா? மங்கள விளக்கு, வரவேற்புரை, அதிபர் அறிக்கை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. அதிலை எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை.

விழா ஒரு புதன்கிழமை. ஒழுங்கை முழுக்கப் பந்தல், படலையில் வாழை, ஒரு பான்ட் வாத்தியக் கோஷ்டி. பிள்ளைகளை ரையோடும் பட்ஜோடும் பின் அறையில் இருத்தி, கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஷெரோன் மூலையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்த அதே மாதிரி இருந்தாள். நான் அவளின் தலையைத் தடவினேன். அவள் நிமிரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் வெளியே யாரோ, "மக்டலீன் அக்கா, குத்துவிளக்குக்கு எண்ணெய்!" என்று கூப்பிட்டார்கள்.

தேவராசா அண்ணை வந்தார், வழக்கம்போலப் பிந்தித்தான். கோட் போட்டிருந்தார். ஜெனிஸும் எங்கள் நீல மஞ்சள் ரை கட்டியிருந்தாள். கனடாவில் தைப்பித்ததாம். மாலை போட்டார்கள். விளக்கை ஒருவர் மாறி ஒருவர் ஏற்றினார்கள். கடற்காற்று அணைத்தது, திரும்ப ஏற்றினார்கள். வரவேற்புரை நடந்தது. பிறகு நமசிவாயம் சேர் எழும்பி, "அதிபர் அறிக்கை" என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. அந்த ஒரு நிமிசம் எனக்கு அவரில் கோபமே இல்லை. ஆனால் அவர் அறிக்கையை வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார், எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது.

தேவராசா அண்ணை, "நான் வளர்ந்த இந்தக் கலைக்கூடத்தை நினைக்கேக்கை" என்று தொடங்கினார். அவர் இந்த ஹோலில் செய்த ஒரே காரியம், ஒருநாள் மகளைக் கூட்டிப்போக வந்தபோது என் சோபாவில் இருந்து நித்திரை கொண்டதுதான். எல்லாரும் கைதட்டினார்கள். பான்ட் அடித்தது. என் மனுசன் மைக்கில், "அடுத்ததாக, அனைவரும் ஆவலோடு எதிர்பார்த்த பரிசளிப்பு" என்றார். அந்தக் குரலில் அவர் என்னை ஒருநாளும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

"முதலாம் இடம், செல்வன் பிரணவன்!"

பான்ட் அடித்தது. ஒருவரும் வரவில்லை.

"ஆங்கிலத்தில் முதலாம் இடம், செல்வி நிஹ்லா!"

பான்ட் திரும்ப அடித்தது. நிஹ்லாவும் இல்லை. சேர் பிள்ளைகளுக்குச் சைகை காட்டுகிற மாதிரிப் பின் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார். சுஹறா போய்க் கதவைத் திறந்தாள். அறைக்குள் ஒரு கதிரை, ஒரு செருப்பு, பின்பக்கக் கதவு ஆவென்று திறந்தபடி. முன்வரிசையில் ஜெனிஸ் இருந்த இடத்தில் அவளுடைய தொப்பி மட்டும் இருந்தது.

"பிள்ளையளைக் காணேல்லை!" என்றார் என் மனுசன், மைக்கை நிற்பாட்டாமல். குருநகர் முழுக்கக் கேட்டது.

ஒழுங்கையில் மீன் கூடையோடு நின்ற லூர்த்தம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்ன இப்பதான் தேடுறியள்? விளக்குக் கொளுத்தேக்கையே ரீச்சர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கரைப்பக்கம் போட்டா. இண்டைக்குப் பள்ளிக்கூட நாளாம், பாடம் இருக்காம்."

இவ்வளவு நேரமும் விழா நல்லாய்த்தான் நடந்தது. பிள்ளைகள் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. நான் வாய் திறக்க முதலே ஸலாஹுதீன் நானா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஓடினேன். பின்னாலே எல்லாரும் வந்தார்கள். மாலை, கோட், பொன்னாடை எல்லாம் போட்டபடி. பான்ட்காரர்களும் ஏனென்று கேளாமல் வந்தார்கள்.

கரையில், வள்ளங்கள் இழுத்துவிடுகிற இடத்தில், ரைகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிந்து நீளக் கயிறாக்கி, நுனியில் மீன் தலையைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். நண்டு பிடிக்கிறார்களாம். கனடாவில் தைத்த ரைதான் நுனியில். கத்தரீனா கால்களை நீட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மணலில் இருந்தாள். நின்றது ஒரேயொரு ஆள். அந்தக் குரல் எனக்குத் தூரத்திலேயே கேட்டுவிட்டது.

"இதிலை பாருங்கோ, வயித்திலை இந்த மூடி ஒடுக்கமாய் இருக்கு. அப்ப இவன் ஆண். அகலமாய் இருந்தால் பெண். பிரணவன், தள்ளி இரு, நிஹ்லாவுக்கு மறைக்குது. நிலவு காலத்திலை இதுக்குள்ளை சதை இராது எண்டு அப்பா சொல்லுறவர், ஆனா அது உண்மையோ எண்டு நாங்கள் பாக்கவேணும்..."

என் பிள்ளை. என் பிள்ளைதான் கதைத்தாள். கண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட மனம் வரவில்லை. நான் இரண்டு கையையும் விரித்துப் பின்னால் வந்தவர்களை மறித்தேன். ஆனால் நமசிவாயம் சேர் என் கைக்குக் கீழாலே குனிந்து முன்னுக்குப் போய்விட்டார். "பிள்ளையள்! என்ன ஒழுங்கீனம் இது!"

ஷெரோன் திரும்பினாள். எங்கள் எல்லாரையும் கண்டாள். வாய் மூடிக்கொண்டது.

வாய் நிறையச் சொல் இருந்தது எனக்கு. சேரை, நானாவை, கோட் போட்ட தேவராசா அண்ணையை, எல்லாரையும் நாறக் கிழித்திருப்பேன். ஆனால் நான் கத்தினால் முதலில் பயப்படுகிறவள் ஷெரோன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிரணவன் மெல்ல எழும்பிப் பட்ஜை நிமிர்த்திவிட்டான். இனி எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

அந்த நேரத்தில், பிடித்த நண்டுகளைப் போட்டிருந்த கூடைக்குள் இருந்து ஒரு நண்டு இறங்கி, இரண்டு இடுக்கியையும் தூக்கிக்கொண்டு, நமசிவாயம் சேரின் வெறுங்காலைப் பார்த்து நடந்தது. சேர் சுத்த சைவம். சமைத்த நண்டைக்கூடக் கிட்ட நின்று பார்த்திராதவர். ஒரு கையால் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார், நண்டும் விடாமல் வந்தது. பின்னால் வள்ளம் தடுத்தது. "பிள்ளை, பிள்ளை! உது கடிக்குமோ? பிள்ளை, ஆரும் பிடியுங்கோவன்!"

இரட்டையர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிரணவனும் சிரித்தான். ஷெரோன் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்துப் பேருக்கு நடுவில், வாய் உலர்ந்து, என்ன செய்கிறதென்று தெரியாமல் நிற்கிற ஆளைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

"சேர்" என்றாள். "கையை உயர்த்திப்போட்டுக் கேளுங்கோ."

சேர் எங்களைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மெல்ல, காதுக்கு மேலே உயர்த்தினார். அவருடைய ஆயுளில் அது எத்தனை வருசத்துக்குப் பிறகோ எனக்குத் தெரியாது.

"சொல்லுங்கோ சேர்."

"உது... உது கடிக்குமோ பிள்ளை?"

"கடிக்காது சேர். இடுக்கும். அதுக்குத்தான் கூடப் பயம், அதுதான் கையைத் தூக்கிக் காட்டுது" என்றாள் ஷெரோன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "எல்லாரும் சத்தம் போடாமல் அசையாமல் நிண்டியள் எண்டால், அது தன்ரை பாட்டிலை போயிடும்."

நாங்கள் அசையாமல் நின்றோம். கோட்டும் மாலையுமாய்த் தேவராசா அண்ணை, ஸலாஹுதீன் நானா, சுஹறா, ட்றம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பான்ட்காரர், உயர்த்தின கை உயர்த்தினபடி நமசிவாயம் சேர். நான்கூட ஒரு சொல் கதைக்கவில்லை.